கடைக்குட்டியைத் தொட்ட கை

உங்கள் மேசைமேல் தூசி இருக்கிறது, மேடம். குறையாகச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், வெளியே லாரி போகிற சாலை, தூசி வராமல் என்ன செய்யும்? ஒரு ஈரத்துணி கொடுத்தால் நானே துடைத்துவிடுவேன். விலங்கு மாட்டியிருந்தாலும் துடைக்கலாம். மணிக்கட்டுக்கு மேல் அசையாமல் வேலை பார்த்தே பழகிய கை இது.

வேண்டாமா? சரி, விடுங்கள்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். வேறொரு கிரகத்திலிருந்து கொண்டுவந்த கற்களைக் கெடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கல் கெட்டுப்போகுமா என்று எல்லாரும் கேட்பார்கள். என் தங்கையே கேட்டிருக்கிறாள்: "சோறுதாண்ணா ஊசிப்போகும், கல்லுமா ஊசிப்போகும்?" போகும், மேடம். அந்தக் கற்கள் நம் காற்றைப் பார்த்ததே இல்லை. நம் ஈரம் பட்டால் துருவேறும். நம் விரல் பட்டால் எண்ணெய் ஏறும். அப்புறம் அங்கே உயிர் இருந்ததா என்று தேடுகிறவன், நம்முடைய வியர்வையைக் கண்டுபிடித்துவிட்டு, இருந்தது என்று துள்ளிக் குதிப்பான். உலகமே சேர்ந்து குதிக்கும்.

அதனால் கற்களை எஃகுப் பெட்டிக்குள் வைத்திருப்போம். முகப்பில் கண்ணாடி. உள்ளே காற்று கிடையாது, நைட்ரஜன் மட்டும்தான். கண்ணாடிக்குக் கீழே இரண்டு துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் தோள்வரை வரும் ரப்பர் கையுறையை வளையம் போட்டு முடுக்கியிருப்போம். வெளியே நின்று அதற்குள் கையை விட்டுக் கல்லை எடுக்கலாம், திருப்பலாம், அறுக்கலாம். தோல் மட்டும் படாது. உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைப்போம். எங்காவது ஓட்டை விழுந்தால் உள்ளிருப்பது வெளியே போகுமே தவிர, வெளியிலிருப்பது உள்ளே வராது. அதனால் யாரும் கை விடாத நேரத்தில் அந்தக் கையுறைகள் வெளிப்பக்கம் உப்பிக்கொண்டு நீட்டியபடி நிற்கும், தூக்கச் சொல்லிக் கேட்கிற பிள்ளை மாதிரி. காலையில் கதவைத் திறந்ததும் வரிசையாக அவற்றைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எங்களுக்கு விதிகள் உண்டு. மோதிரம் கூடாது, பவுடர் கூடாது, கைக்குக் களிம்பு கூடாது. கல்லிலிருந்து உதிர்ந்த ஒரு பொட்டுத் தூளைக்கூடக் கொட்டக்கூடாது. தூள் எதில் ஒட்டியிருக்கிறதோ, அதையும் சேர்த்து எடுத்து வைக்கவேண்டும். சந்தேகம் வந்தால் முழுசாக எடுத்து வை, நிதானமாகப் பிறகு பிரி. இது வேலைக்குச் சேருகிற அன்றைக்கே சொல்லித்தருகிற பாடம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்று உண்டு. வந்த கற்களில் பாதியை யாரும் தொடக்கூடாது. அது இன்னும் பிறக்காதவர்களின் பங்கு. நம் கருவிகள் நாளைக்குப் பழசாகும், நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் வருவார்கள், அவர்களுக்குக் கைபடாத கல் வேண்டும். பிறக்காதவர்களுக்கு வாய் கிடையாது, மேடம். அவர்களுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

கற்களுக்கு எண் உண்டு. ஆனால் எண்ணை வைத்து யாராவது கொஞ்ச முடியுமா? பெரிய கல்லுக்கு மூத்தவன் என்று பெயர். ரம்பத்தின் பல்லை உடைத்த கல் சண்டைக்காரி. கடைசியாகப் பொறுக்கி எடுத்த கல் கடைக்குட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும். அது பிறக்காதவர்களின் பங்கில் இருந்தது. அதை யாரும் அறுத்ததில்லை, சுரண்டியதில்லை. அதை வைத்த பெட்டியைத் தனியாகக் கடைசி அறையில் போட்டிருந்தேன்.

இனி மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். என் தங்கையைக் கட்டியவர். கண்ணாடி அறுக்கும் பட்டறையில் இருந்தவரை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது நான்தான். கை அப்படி. ஒரு கல்லிலிருந்து தாள் கனத்துக்குச் சீவல் எடுப்பார். ஆள் கலகலப்பானவர். "ஊர்ல எல்லாரும் கிரகம் சரியில்லன்னு பொலம்புறாங்க. நமக்கு அந்தக் கிரகந்தான் மச்சான் சோறு போடுது" என்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவேண்டும்.

அவர் வந்த முதல் நாள் மோதிரம் விரலைவிட்டு வரவில்லை. நாளைக்கு எண்ணெய் போட்டுக் கழற்றிக்கொள்கிறேன் என்றார். நாளைக்கு என்பது எங்கள் வேலையில் கிடையாது. நான் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு குறட்டால் மோதிரத்தை இழுத்தேன். மோதிரம் வந்தது, கூடவே கொஞ்சம் தோலும் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான், கல்யாணத்தையே கழட்டிட்டீங்களே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் இவர் தேறுவார் என்று முடிவு செய்தேன்.

ஒருமுறை ஆராய்ச்சிக்கு வந்திருந்த ஒரு பெண், சண்டைக்காரியின் தூளை ஒரு ஒட்டுநாடாத் துண்டில் ஒட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். ஞாபகத்துக்காம். நான் சத்தம் போடவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டேன், இல்லை என்றாள், இன்னும் கொஞ்சம் திருகிக் கேட்டேன். எலும்பு விலகுகிற சத்தம் மெல்லத்தான் கேட்டது, சுள்ளி முறிகிற மாதிரி. நாடாவை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? எல்லாரிடமும் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நல்ல பெண். அன்றைக்கு அறைக்குள் இருந்த இன்னொரு ஆள் மாப்பிள்ளை மட்டும்தான். ஏனோ அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் என்னிடம் கேலி பேசவில்லை.

என் தங்கைக்கு ரொம்ப வருஷமாகப் பிள்ளை இல்லை. உண்டானதெல்லாம் தங்காமல் போனது. இந்த முறை தங்கியது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான் அவருக்கு அந்த ஆசை வந்திருக்கவேண்டும். ஒருநாள் கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், ஒண்ணு கேப்பேன், திட்டக்கூடாது. கடைக்குட்டிய ஒரே ஒரு தடவ வெறுங்கையால தொடணும். எந்த மனுசனும் தொடாத ஒண்ணத் தொட்ட கையால என் பிள்ளையத் தூக்கணும்."

நான் சிரித்தேன். பைத்தியம் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் கண் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். பார்த்து என்ன பயன்? வீட்டு மாப்பிள்ளை, வேலைக்கு நானே கொண்டுவந்த ஆள். சாவியும் தெரியும், நேரமும் தெரியும்.

அன்றைக்கு எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நானும் பாதிப் படிக்கட்டுவரை போனேன். மனசு சரியில்லாமல் திரும்பி வந்தேன். கடைசி அறைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

இடது கையுறையை வளையத்திலிருந்து கழற்றிக் கீழே போட்டிருந்தார். வெறும் கை முழங்கைக்கு மேல்வரை உள்ளே போயிருந்தது. அந்தக் கையைச் சுற்றி நைட்ரஜன் உஸ்ஸென்று வெளியேறிக்கொண்டிருந்தது. கடைக்குட்டி அவருடைய உள்ளங்கையில் இருந்தது. அவர் திடுக்கிடவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா மச்சான். கோவப்படாதீங்க. இதுல ஒண்ணுமே இல்ல மச்சான். நம்ம வீட்டு வாசப்படிக் கல்லு மாதிரிதான் இருக்கு."

அது பொய், மேடம். வாசற்படிக் கல் மாதிரி இல்லவே இல்லை அது. மேல்பக்கம் பூனை நாக்கு மாதிரி சொரசொரக்கும். அடிப்பக்கம் கைக்குழந்தையின் உள்ளங்கால். தொட்ட கொஞ்ச நேரத்தில் நம் சூட்டை வாங்கிக்கொண்டு, அதுவே உயிருள்ளது மாதிரி ஆகிவிடும். அதைப் போய் வாசற்படி என்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் நான் ஆத்திரப்படவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. எனக்குப் புத்தி தெளிவாக இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் கல் சுத்தியல் தொங்கியது. அதை நான் எடுக்கவில்லை. அது கல்லுக்கென்று சுத்தம் செய்து வைத்தது. மூலையில் நைட்ரஜன் சிலிண்டர் திறக்கிற ஸ்பானர் கிடந்தது, நீளமானது, கனமானது, கல்லோடு சம்பந்தமில்லாதது. அதை எடுத்துக்கொண்டேன். ஆத்திரத்தில் இருக்கிறவன் இப்படி யோசிப்பானா?

"மாப்பிள்ளை, கல்ல மெதுவா கீழ வைங்க. கைய மெல்ல வெளிய எடுங்க" என்றேன்.

சொன்னபடி செய்தார். கையுறையைத் திரும்பப் பொருத்தினோம். வளையத்தை முடுக்கும்போது அவரும் ஒரு கை கொடுத்தார். உஸ்ஸென்ற சத்தம் நின்றது. அப்புறம் தன் இடது கையை விரித்து எனக்குக் காட்டினார். விரல் நுனியில் மாவு பட்ட மாதிரி செம்பழுப்புத் தூள். நகக்கண்ணிலும் ஏறியிருந்தது. "பாருங்க மச்சான்" என்றார்.

பார்த்தேன். பிறகு அடித்தேன்.

முதல் அடி காதுக்கு மேல் விழுந்தது. "மச்சான்?" என்று ஏதோ சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். இடது கையைத் தலைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். ரத்தத்தில் பட்டால் தூள் போய்விடும். அதனால் அந்த மணிக்கட்டை என் இடது கையால் பிடித்து மேலே தூக்கிக்கொண்டேன், வலது கையால் அடித்தேன். தாடை ஒரு பக்கமாகப் போனது. ஒரு பல் உதிர்ந்து தரையில் உருண்டு கதவோரம் போய் நின்றது. மண்டை என்பது நாம் நினைப்பதைவிடக் கெட்டியானது. கல்லில் எங்கே தட்டினால் பிளக்கும் என்று எனக்குத் தெரியும், மனிதனில் தெரியவில்லை. அதனால் நிறைய அடிக்கவேண்டி வந்தது. அவர் மண்டியிட்டார், அப்புறம் சாய்ந்தார், கால் கொஞ்ச நேரம் தரையை உதைத்தது. கடைசிவரை அந்தக் கையை நான் விடவில்லை. யாராவது பார்த்திருந்தால், விழுகிற ஆளைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தூளை மட்டும் துடைத்து எடுத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நகக்கண்ணில் ஏறியதை அவசரத்தில் தோண்டக்கூடாது. பாதி உள்ளேயே தங்கிவிடும். பாடம்தான் சொன்னேனே, சந்தேகம் வந்தால் முழுசாக எடுத்து வை. பட்டறைக்குப் போய் இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்தேன். கல் அறுக்கும் ரம்பத்தைத் தொடவில்லை. மணிக்கட்டு மூட்டில் வைத்து அறுத்தேன். அவர் அறுக்கும் அழகு எனக்கு வராது, ஓரம் பிசிறடித்துவிட்டது. ரத்தத்தை வடியவிட்டு, விரல் எதிலும் உரசாமல் எஃகுக் குப்பியில் இறக்கி, நைட்ரஜன் நிரப்பி, திருகி மூடி, குளிர் அறையில் மற்றக் குப்பிகளோடு வைத்தேன். நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மற்றது எனக்குத் தேவைப்படவில்லை. காலி சிலிண்டர் வண்டியில் ஏற்றிப் படுதா போட்டு, கட்டடத்துக்குப் பின்னால் பாழாய்க் கிடக்கும் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனேன். வாசலில் சக்கரம் ஏறாமல் நின்றபோது காவலாளி ஒரு தள்ளு தள்ளிவிட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். திரும்பி வந்து தரையைத் துடைத்தேன். சாப்பாடு முடித்து வந்தவர்கள் யாரும் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்கவில்லை. எங்கள் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். பல்லைக் கதவோரத்திலிருந்து எடுக்க மறக்கவில்லை.

தங்கை வீட்டுக்குத் தினமும் போனேன். அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். "அவர் சொல்லாம எங்கயும் போகமாட்டாருண்ணா. எங்கயோ மாட்டிக்கிட்டாரு. எனக்கு என்னமோ அவர் கைய நீட்டிக் கூப்பிடுற மாதிரியே இருக்கு" என்பாள். நான் பழம் உரித்துக் கொடுப்பேன். அவள் சமைத்ததைச் சாப்பிடுவேன். ஆஸ்பத்திரிகளில் தேடினேன், பஸ் நிலையத்தில் அவர் படத்தைக் காட்டி விசாரித்தேன். அவள் அழும்போது எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை, மேடம். நல்ல மனிதர் அவர்.

நீங்களும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கமாட்டீர்கள். அன்றைக்குக் குளிர் அறையைச் சோதனை போட வந்தீர்கள். நூற்றுக்கணக்கான குப்பிகள், எல்லாம் ஒரே மாதிரி. வெறுமனே பார்த்துவிட்டுப் போகிற வேலைதான். உங்களோடு வந்த கான்ஸ்டபிள் தம்பி கை சும்மா இல்லாமல், "இதுல என்ன சார் இருக்கு?" என்று ஒன்றை எடுத்து மூடியைத் திருக ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வேறு எதையாவது காட்டித் திசைதிருப்பியிருக்கலாம். ஆனால் மூடி சுழன்றுகொண்டிருந்தது. இன்னொரு சுற்றில் அறைக்காற்று உள்ளே போயிருக்கும்.

"அத இங்க திறக்காதீங்க. பெட்டிக்குள்ள வச்சுத் திறங்க. உள்ள என் மாப்பிள்ளை கை இருக்கு" என்றேன்.

கல்லுக்காகத்தான் நான் மாட்டிக்கொண்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று தங்கை வந்திருந்தாள். அனுமதி கொடுத்ததற்கு நன்றி. பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். ஆண் பிள்ளை, தலை நிறைய முடி. நான் கை நீட்டவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

"ஏன்னு நான் கேக்கலண்ணா. கேட்டா நீ ஏதாவது சொல்லுவ, அத நான் கேக்கணும். அந்தக் கைய மட்டும் குடுத்துடச் சொல்லு. தொட்டியிலேர்ந்து எடுத்தத எரிச்சாச்சு. அவர் கை மட்டும் அங்க கல்லோட கல்லாக் குளிர்ல கெடக்கு. என்னால தூங்க முடியல" என்றாள்.

தூளைப் பிரித்து முடிக்காமல் கொடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். பிரிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான், நானோ இங்கே இருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அறைந்தாள். தூக்கி வளர்த்த அண்ணனை. அவளுடைய மோதிரம் கன்னத்தைக் கீறியது, இதோ தெரிகிறதல்லவா? மோதிரத்தைக் கழற்றிவிட்டு அடித்திருக்கலாம்.

இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்கிறீர்கள். பூனை நாக்கு, உள்ளங்கால், சூட்டை வாங்கிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னீர்களே, ரப்பர் கையுறை வழியாக அதெல்லாம் தெரியுமா என்று.

தெரியாது. ரப்பர் வழியாக ஒன்றுமே தெரியாது.

மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டியபோது இன்னும் ஒன்று சொன்னார். மறைப்பதற்காக விடவில்லை, முக்கியமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். "நீங்க தொடுறத நான் பார்த்திருக்கேன் மச்சான். எத்தனையோ நாள், எல்லாரும் சாப்பிடப் போனப்புறம். யார்கிட்டயும் மூச்சு விடல. அப்போ உங்க மூஞ்சி எப்படி இருக்கும் தெரியுமா? அதப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு."

இவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை. பணம் காசு கேட்கவில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் மேல்தான் முதல் அடி விழுந்தது.

அவர் பார்த்தது உண்மை. புரிந்துகொண்டதுதான் தப்பு. நான் செய்தது தொடுவது ஆகாது, மேடம். பிள்ளைக்குக் காய்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறவளை யாராவது அழுக்குக்காரி என்பார்களா? காவல் காக்கிறவன் கையும் களவெடுக்கிறவன் கையும் ஒன்றா? கடைக்குட்டியை இத்தனை வருஷம் நான் கெடாமல் வைத்திருக்கிறேன். பிறக்காதவர்களுக்கு என்று ஒரு கல்லாவது கைபடாமல் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் நான்தான்.

தங்கையிடம் ஒன்று சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டாள். பிள்ளை வளர்ந்ததும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போகட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கடைக்குட்டியை அவன் பார்க்கட்டும். அவனுக்காகத்தான் எல்லாம் செய்தேன். போகும்போது மட்டும் அவன் கையை நன்றாகக் கழுவிக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.